கெலாபிட் மலைநாடு

சரவாக்கின் வடகிழக்கு மூலையில், பாராம் நதியின் கிளையாறுகள் பிறக்கும் மலைகளுக்கு நடுவே, கடல்மட்டத்திற்கு 3,000 அடிக்கும் மேலான உயரத்தில் ஒரு சமவெளி கிடக்கின்றது. அதற்குப் பாரியோ என்று பெயர். சரவாக்கின் மிக உயர்ந்த மலையாகிய மூருட் ஏறக்குறைய 8,000 அடி உயர்ந்து அதற்கு அரணாக நிற்கின்றது. மற்றொரு புறத்தில், இரண்டு கொம்புகளை நட்டு வைத்தாற்போன்று பாத்து லாவி என்னும் இரட்டைச் சிகரம் தோன்றுகின்றது. கிழக்கே மலைமுகட்டைக் கடந்தால் முன்னாளில் டச்சுக்காரருக்கு உரியதாயிருந்து இந்நாளில் இந்தோனீசியாவைச் சேர்ந்துள்ள கலிமந்தான். இச்சமவெளியிலும் இதனைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் வாழ்ந்துவரும் சிறு கூட்டத்தார் கெலாபிட் மக்கள் எனப்படுவர். அவர்கள் தொகை இன்றும் சில ஆயிரங்களே.

சரவாக்கின் சரித்திரத்தைக் கூறும் பாடப்புத்தகங்களில் 1841-ம் ஆண்டில் ஜேம்ஸ் புரூக் என்னும் வெள்ளைக்காரர் ராஜாவானதும், அவர் மரபினர் மூன்று தலைமுறை ஆண்டதும், 1946-ம் ஆண்டில் அந்நாடு பிரிட்டிஷ் முடியிடம் ஒப்புவிக்கப்பட்டதும், 1963-ம் ஆண்டில் மலேசியாவிற் சேர்ந்ததும் வரிசையாக வருகின்றன. இம்மலைநாட்டார் அங்கே ஓரிரண்டு வரிகளுக்குமேல் இடம் பெறுவதில்லை. அரசன் பெயரும் யுத்தத்தின் தேதியும் இல்லாதவிடத்துச் சரித்திரமே இல்லை என்று கருதும் பழக்கம் நம்மவரிடமும் மிகுதியாக உண்டு. தோட்டக்காட்டில் உழைத்து மடிந்த நம் முன்னோரின் பெயர்களையும் அத்தகைய புத்தகங்கள் எழுதி வைக்கவில்லை என்பதை நினைப்போமாயின், இம்மக்களின் கதையைக் கேட்க நமக்குக் காரணம் வேறு வேண்டியதில்லை.

முதலில் வழியைக் கூறுவோம். பாராம் நதிப் பிரதேசத்தை 1882-ம் ஆண்டில் புருணை சுல்தானிடமிருந்து இரண்டாவது ராஜாவாகிய சார்லஸ் புரூக் பெற்றார். நதியின் கீழ்ப்பகுதியில் உள்ள மருடியில் கோட்டை அமைந்தது. கோட்டைக்கும் பாரியோவுக்கும் இடையில் இருந்ததோ வாரக்கணக்கான பிரயாணம். படகு செல்லுமட்டும் ஆற்றில் எதிர்நீச்சலாகத் துடுப்பு வலித்து, பாறைகளும் சுழல்களும் வந்தவிடத்துப் படகைக் கயிறுகட்டி இழுத்து, படகுக்கு மேல் வழியில்லாத லியோ மாத்தோ போன்ற இடங்களில் இறங்கி, அதன்பின் அட்டைகள் மொய்க்கும் காட்டில் நாட்கணக்கில் மலையேறி நடத்தல் வேண்டும். எனவே அதிகாரி ஒருவர் அங்கே வருவது அபூர்வம். வந்தவர் எழுதிய குறிப்பே வெளியுலகத்தார்க்குச் சாத்திரமாயிற்று. ‘கெலாபிட்’ என்னும் பெயரும் அவ்வாறு வந்ததே என்பர். தாம் பா லாபிட் என்னும் ஆற்றங்கரையார் என்று மலைமக்கள் சிலர் கூற, அதைக் கேட்டவர் செவியிற் பட்டபடி எழுதிவிட்டாராம். எழுதியவரின் காதுப்பிழை ஒரு மக்கட்கூட்டத்தின் பெயராக நிலைத்த கதை உலகத்தில் இஃதொன்று மட்டுமன்று.

இனி அவர்களின் வாழ்வைக் காண்போம். போர்னியோவின் மலைமக்களுட் பலர் காட்டை வெட்டிச் சுட்டு, ஒரு பருவம் விதைத்து, மறு பருவம் வேறிடம் தேடும் பயிர்முறையினர். கெலாபிட் மக்களோ அம்முறையோடு, பள்ளத்தாக்கின் சேற்று நிலத்தில் வரப்பு எழுப்பி, ஓடைநீரை மூங்கிற் குழாய்களாலும் வாய்க்காலாலும் திருப்பி, நம் தஞ்சைத் தரணியிற்போல் நன்செய்ப் பயிரும் செய்து வந்தனர். கலப்பை இல்லை. எருமைகளை வயலில் இறக்கி மிதிக்கவிடுவர். மிதித்த சேறே உழவு, இட்ட சாணமே எரு. மலையின் குளிரில் நெல் மெதுவாக விளையும். நடவு முதல் அறுவடை வரையில் அரையாண்டுக்குக் குறையாது. ஆண்டுக்கு ஒரு போகந்தான். அரிசி சிறியது, மணமுள்ளது, சமைத்தால் மெல்லிது. இன்று பாரியோ அரிசி என்று கோலாலம்பூர்க் கடைகளில் நல்ல விலைக்கு விற்கும் அரிசி இதுவே. சமைத்த சோற்றை இலையிற் பொட்டலமாகக் கட்டி ஆளுக்கு ஒன்றாக வைப்பது அவர்கள் வழக்கம்.

பஞ்சாங்கம் அவர்களிடம் இல்லை. பயிர்க்காலத்தை எவ்வாறு அறிந்தனர் எனின், பறவைகளைக் கொண்டு அறிந்தனர். ஒவ்வோராண்டும் வடதிசையில் ஆசியாவின் குளிர்நாடுகளிலிருந்து மஞ்சள் வாலாட்டிக் குருவி தெற்கே பறந்து வரும். அதனை அவர்கள் ‘சென்சூலிட்’ என்பர். அது வயலில் வந்திறங்கும் மாதத்திற்கு அதன் பெயரே. அடுத்து ‘நெரோப்பா’ என்னும் கீச்சான் குருவியின் மாதம். பின்னர்ச் சிறு பருந்தினது, பின்னர் வேறொன்றினது. எந்தக் குருவி வந்ததென்று பார்த்து விதைப்பர், நடுவர், பிந்தியவரை எள்ளுவர். சோதிடன் கேட்கும் தட்சிணையைக் குருவி கேட்பதில்லை என்பது இம்முறையின் தனிச் சிறப்பு.

ஆனால் பறவைகளால் அவர்களுக்கு இன்னலும் உண்டாயிற்று. பறவையின் குரல், பாதையைக் குறுக்கிட்ட பாம்பு, மானின் கத்தல் ஆகியன சகுனம் என்று கொள்ளப்பட்டன. தீச்சகுனம் கண்டால் அன்று வயலுக்குப் போகலாகாது. பிரயாணம் புறப்பட்டவர் திரும்புதல் வேண்டும். நல்ல பருவம் இவ்வாறு வீணாகப்போன நாட்கள் எத்தனையோ. ஒரே பறவையினத்தை ஒரு கண்ணால் நோக்கிக் காலக்கணக்கு என்னும் அறிவைப் பெற்றவர்கள், மறு கண்ணால் நோக்கி அச்சத்தைப் பெற்றனர். பூனை குறுக்கே போனால் வேலைக்குப் புறப்பட்டவர் வீட்டுக்குத் திரும்பும் நம்மவர்க்கு இதைப்பற்றி நகைக்க உரிமை இல்லை.

நெல்லுக்கு அடுத்த செல்வம் உப்பு. கடலிலிருந்து வாரக்கணக்கான தூரத்தில் உப்பு எவ்வாறு கிடைத்தது என்று நேயர்கள் வியக்கலாம். மலைநாட்டில் ஆங்காங்கே உவர்நீர் ஊற்றுகள் உள்ளன. பா ஊமோர் ஊருக்கு அருகேயுள்ள ஊற்று அவற்றுட் பெயர்பெற்றது. கிணறுபோல் மரத்தாற் சுற்றுக்கட்டிய அவ்வூற்றிலிருந்து நீரை முகந்து, பெரிய கொப்பரைகளில் இரவும் பகலும் காய்ச்சுவர். நீர் வற்றி உப்பு அடியில் தங்கியதும் அதனை மூங்கிற் குழாயில் இறுக அடைத்து மீண்டும் நெருப்பில் இடுவர். மூங்கில் எரிந்துபோக, உப்பு கல்லைப்போல் இறுகி ஒரு தண்டாக நிற்கும். அதை இலையிற் சுற்றிப் புகைபடும் இடத்தில் வைத்தால் நெடுங்காலம் கெடாது. அந்த உப்புத் தண்டைச் சுமந்துகொண்டு மலைகளைக் கடந்து போய், இரும்பு, துணி, சீனத்துச் சாடி, பழைய மணிகள் ஆகியவற்றை மாற்றி வருவர். கையில் ஒரு காசும் இல்லாமல் நடந்த வியாபாரம் இது. சாடிகளும் மணிகளும் வீட்டின் பரம்பரைச் சொத்து. பெண்கள் தலையில் அணியும் மணித்தொப்பி ஒன்றுக்குப் பல எருமைகளின் விலையுண்டு.

வீடோவெனில் நீண்ட வீடு. ஊர் முழுவதும் ஒரே கூரையின்கீழ் வாழும். நம் தோட்டத்து லயமும் ஒரே கூரையின்கீழ் நீண்டு கிடப்பதுதான். ஆனால் லயத்தில் துரை கட்டிவைத்த சுவர் பத்தடிக்கு ஒன்றாகக் குடும்பத்தைக் குடும்பத்தினின்றும் பிரிக்கும். பழைய கெலாபிட் வீட்டில் குடும்பத்துக்குக் குடும்பம் தடுப்பே இல்லை. ஒரு வரிசையாக அடுப்புகள் எரியும். எந்த அடுப்போ அதுவே குடும்பம். ஓரடுப்பில் இறைச்சி வேகுமாயின் அந்த மணம் கடைசி அடுப்பு வரையில் எட்டும். மறைத்து உண்ணல் இயலாது. மறுபக்கத்தில் நீளவாக்கில் ஒரு பெருந்திண்ணை. விருந்தினர்க்கும் கூத்துக்கும் வழக்குகளுக்கும் அதுவே சபை.

இதனைக் கேட்டதும், ஏற்றத்தாழ்வில்லாத பொன்னுலகம் ஒன்று மலைமேல் இருந்தது என்று சிலர் மகிழக்கூடும். அது சரியன்று. தடுப்பில்லாத அவ்வீட்டிலேயே மேலோர், நடுத்தரத்தார், கீழோர் என்ற பிரிவு இருந்தது. கடனாலும் போரிற் சிறைப்பட்டதாலும் அடிமையானவர்களும் முற்காலத்தில் இருந்தனர். மேலோர் மேலோரிடத்தே பெண் கொண்டனர். ஆனால் நம் நாட்டுச் சாதிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதனைக் கூறாதுவிட்டால் நேர்மையாகாது. ஒருவன் நன்கு பயிர்செய்து, எருமை பெருக்கி, பலர்க்கும் சோறிட்டால் அவன் நிலை உயரும். மேலோன் சோறிட மாட்டாதவனாயின் அவன் நிலை தாழும். தொட்டால் தீட்டு, கண்டால் தீட்டு என்னும் பேச்சு அங்கே இல்லை. பிறப்பின் பெருமையை அவர்கள் பேசினார்கள். எனினும் அப்பெருமையை ஆண்டுதோறும் உழைப்பால் மெய்ப்பித்துக் காட்டவேண்டியிருந்தது.

அந்தப் பெருமையே அவர்களுக்குப் பெருஞ்செலவாயிற்று. இறந்தவரைச் சாடியிலோ மரப்பெட்டியிலோ வைத்து, ஓராண்டோ அதற்கும் மேலோ காத்திருந்து, நெல்லும் எருமையும் பன்றியும் சேர்ந்தபின் பெருவிருந்து நடத்துவர். அதற்கு ‘இராவ்’ என்று பெயர். பள்ளத்தாக்குகள் பலவற்றிலிருந்தும் விருந்தினர் வந்து குவிவர். அரிசியிலிருந்து வடித்த ‘போராக்’ என்னும் மது சாடி சாடியாக ஓடும். இறந்தவரின் நினைவாகப் பெருங்கல்லை நாட்டுவர், அகழி தோண்டுவர், மலைமுகட்டில் மரங்களை வெட்டித் தொலைவிலிருந்தும் காணுமாறு ஒரு பிளவு உண்டாக்குவர். அக்கற்களும் அகழிகளும் இன்றும் காட்டினுள் கிடக்கின்றன. கற்குவியல்கள் சிலவற்றைப்பற்றி ஒரு செய்தி கூறுவர். பிள்ளையில்லாத செல்வர் தம் மணியையும் சாடியையும் பங்காளிகள் சண்டையிட்டுக்கொள்ளா வண்ணம் கீழே வைத்து, விருந்திட்டு அழைத்த ஊராரைக்கொண்டே மேலே கற்களைக் குவிக்கச் செய்தனராம். கடன்பட்டுக் கருமாதி செய்யும் வழக்கத்தைக் கண்டிக்கும் நாம் இதனையும் கண்டிக்கவே வேண்டும். எனினும் அவர்கள் விருந்தில் உண்டது ஊரார் அனைவரும். தட்சிணை பெற்றுப்போன ஒரு வகுப்பார் இல்லை.

மதுவின் கதைக்கு வருவோம். கெலாபிட் மக்களுக்கு நெருங்கிய உறவினர், துருசான், லாவாஸ் ஆற்றுப்பகுதிகளில் வாழும் லுன் பாவாங் மக்கள். முன்னாளில் அதிகாரிகள் அவர்களை மூருட் என்று அழைத்தனர். குடியாலும் நோயாலும் அவர்கள் தொகை தேய்ந்துகொண்டே வந்தது. விளைந்த அரிசியிற் பெரும்பங்கு சாடிக்குப் போயிற்று, குழந்தைகள் பசித்தன. இவ்வினம் தானே அழிந்துபோகும், இவர்களுக்காகச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பதே ராஜா சர்க்காரின் எண்ணமாயிருந்தது. 1928-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த போர்னியோ எவாஞ்சலிக்கல் மிஷனைச் சேர்ந்த பாதிரிகள் அம்மக்களிடம் செல்ல விரும்பியபோதும், சர்க்கார் எளிதில் இணங்கவில்லை. ஆயினும் 1930-களில் லுன் பாவாங் மக்கள் ஊர் ஊராகக் குடியைக் கைவிட்டனர். மதுச்சாடிகள் கவிழ்ந்தன, சகுனங்களும் கைவிடப்பட்டன. அழிந்துபோவர் என்று தள்ளப்பட்ட மக்கள் தழைத்தனர். மலைநாட்டுக் கெலாபிட் மக்களும் யுத்தத்திற்குப்பின் அவ்வழியே சென்றனர்.

ஒருவர் மதம் மாறுவது நன்றா தீதா என்னும் வாதத்தில் நாம் இங்கே புகவில்லை. நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. மலேயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை சர்க்கார் அனுமதியோடு தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதை மூடவேண்டுமென்று 1947-ம் ஆண்டில் கெடாவில் தொண்டர்படையினர் கிளர்ச்சி செய்தபோது அவர்களை எதிர்கொண்டது போலீஸ். மலைமேல் மதுவைக் காய்ச்சியவரும் குடித்தவரும் ஒருவரே. இலாபம் பெறும் மூன்றாமவர் இல்லை. ஆதலின் குடித்தவர் மனம் மாறியதும் கடையும் மூடிற்று.

1945-ம் ஆண்டு மார்ச்சு 25-ந் தேதி ஆகாயத்திலிருந்து எண்மர் இச்சமவெளியில் குதித்தனர். யுத்தகாலம் அது. சரவாக்கின் கடற்கரை முழுவதும் ஜப்பானியர் வசம். பகைவரின் பின்புறமிருந்து மலைமக்களைத் திரட்டிப் போரிடுவதற்காக, பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட இரண்டு விமானங்களில் வந்த சிறுபடை அது. அதன் தலைவர் டாம் ஹாரிசன் என்னும் ஆங்கிலேயர். பாத்து லாவிச் சிகரத்தையே விமானிகள் வழிகாட்டியாகக் கொண்டனர். பகைவனா நண்பனா என்று அறியாத நிலையிலும் பாரியோ மக்கள் வந்தவர்களுக்கு நீண்ட வீட்டில் இடமும் சோறும் போராக்கும் கொடுத்தனர். பின்னர் எல்லைக்கு அப்பால் பெலாவிட் என்னுமிடத்தில் விமானம் இறங்கச் சமநிலம் தேவைப்பட்டபோது, சேற்றுவயலின்மேல் மூங்கிலைப் பிளந்து பரப்பி ஓர் ஓடுதளத்தையே மலைமக்கள் அமைத்துவிட்டனர். சிறு விமானங்கள் அதில் இறங்கி ஏறின. எந்திரம் ஒன்றும் இல்லாமல், கத்தியும் மூங்கிலும் கையும்கொண்டு செய்த வேலை அது. ஹாரிசன் பிற்காலத்தில் சரவாக் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்து இம்மலைநாட்டைப்பற்றி 1959-ம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டார். பாரியோவை உலகம் அறிந்தது அந்நூலாலேயே. ஆனால் அவரைக் கரடுமுரடான பாதைகளில் அழைத்துச் சென்று, மூட்டை சுமந்து, செய்தி கொண்டுவந்து கொடுத்தவர் எல்லாரும் அம்மக்களே என்பதை நாம் மறத்தலாகாது.

யுத்தம் முடிந்ததும் அம்மக்கள் கேட்டது பள்ளிக்கூடம். 1946-ம் ஆண்டில் பா மாயின் என்னும் ஊரில் முதற் பள்ளி தோன்றிற்று. சிறுவர் பலர் தம் ஊரிலிருந்து மலை கடந்து வந்து, அரிசியைத் தாமே சுமந்துவந்து, தாமே சமைத்து உண்டு படித்தனர். ஆசிரியர் ஒருவர், புத்தகம் சில. அதற்கு மேல் படிக்க விரும்பியவர் மருடிக்கு இறங்கினர். போவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகுமாதலின், ஒருமுறை போனவர் பெற்றோர் முகம் காண நெடுநாள் ஆயிற்று.

1963-ம் ஆண்டில் மலேசியா அமைந்ததும் இந்தோனீசியா அதனை எதிர்த்தது. 1966 வரை நீடித்த அப்பூசலில் போர்னியோவின் எல்லைக்காடுகளே போர்க்களமாயின. நேற்று வரை மாமனும் மைத்துனனுமாக உப்பும் எருமையும் மாற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே வரைபடத்தின் கோடு திடீரென்று உயிர்பெற்றது. எல்லையருகே இருந்த ஊர்களைக் கலைத்து, மக்களைப் பாரியோச் சமவெளிக்குக் கொண்டுவந்தது அரசாங்கம். தலைமுறை தலைமுறையாகத் திருத்திய வயல், கனிமரம், முன்னோர் நட்ட கல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கொண்டுவரக்கூடியதை முதுகிற் சுமந்து நடந்தனர். பா மாயினும் அவ்வாறு காலியான ஊர்களில் ஒன்று. பாரியோவின் பழங்குடிகள் தம் நிலத்தில் அவர்களுக்கு இடங்கொடுத்தனர். பழைய ஊரார் வாழும் நீண்ட வீடு ‘பாரியோ அசல்’ என்று இன்றும் வேறுபிரித்துச் சொல்லப்படுகின்றது. தெற்கேயுள்ள பா டாலே, ரமூடு முதலிய ஊர்கள் மட்டும் தத்தம் இடத்திலேயே நிலைத்தன. பல பள்ளத்தாக்குகளில் விளக்கெரிந்த நாடு ஒரே சமவெளியில் குவிந்தது இவ்வாறுதான்.

அதன்பின் விமானம் வழக்கமாக வரலாயிற்று. மீரியிலிருந்து ஒரு மணிநேரத்திற்கும் குறைந்த பிரயாணம்! மேகம் மூடினால் அதுவும் இல்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்திற்குப்பின் மரம் வெட்டும் கம்பெனிகளின் மண்பாதையும் எட்டிவிட்டது. அது மழையில் சேறாகும் பாதை. நாள் முழுதும் குலுங்கிக்கொண்டு போகவேண்டும். பாதை வந்தது, கூடவே மரமும் போயிற்று. எஞ்சிய காட்டின் ஒரு பகுதி 2005-ம் ஆண்டில் ‘பூலோங் தாவ்’ என்னும் பெயரால் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அப்பெயருக்கு ‘நம் காடு’ என்று பொருள். 1998-ம் ஆண்டில் சரவாக் மலேசியப் பல்கலைக்கழகத்தார் தொடங்கிய முயற்சியால், கம்பித் தபாலும் காணாத ஊருக்குக் கணினியும் இணையமும் நேரே வந்தன. நீர்வீழ்ச்சியால் மின்சாரம் எடுக்கச் செய்த ஏற்பாடு மட்டும் பெருஞ்செலவாகி, விளக்கு நிலைத்து எரியாமலே பாழாயிற்று. திட்டம் வகுப்பவர் ஊரிற் குடியிராதபோது இவ்வாறு நேர்வது வழக்கந்தான்.

கல்வியில் இம்மக்கள் அடைந்த முன்னேற்றம் வியக்கத்தக்கது. தொகையில் மிகச் சிறியவரான அவர்களிடையே வைத்தியர், வழக்கறிஞர், பேராசிரியர், விமானிகள் தோன்றியுள்ளனர். பாரியோவிற் பிறந்த இட்ரிஸ் ஜாலா 2005-ம் ஆண்டில் மலேசிய விமானக் கம்பெனியின் தலைவராகி, 2009-ம் ஆண்டில் மத்திய மந்திரியுமானார். ஆனால் அதே கல்வி ஊரைக் காலியாக்கிற்று. கெலாபிட் மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இன்று மீரி முதலிய பட்டணங்களில் வாழ்கின்றனர். வயலில் நிற்பவர் முதியோர். நடவுக்கும் அறுவடைக்கும் கைகொடுப்பவர் எல்லைக்கு அப்பாலிருந்து நடந்து வரும் லுன் டாயே உறவினர். கூலி இப்பக்கம் அதிகம் என்பதால் அவர்கள் வருகின்றனர். 1963-ல் பகைவர் நாடென்று அஞ்சப்பட்ட திசையிலிருந்து வரும் கைகளே இன்று பாரியோ அரிசியை விளைவிக்கின்றன. பள்ளிக்கூடம் வேண்டாம் என்று யாரும் கூறமாட்டார், நாமும் கூறோம். தோட்டப் பள்ளியிற் படித்துப் பட்டணம் போனவனைத் திரும்பிவந்து பால்மரம் சீவு என்று நாம் சொல்வதுண்டோ? எனினும் அடுப்புகள் பல அவிந்துகிடக்கும் நீண்ட வீட்டில் முதியவள் ஒருத்தி தனியே சோறு பொட்டலம் கட்டுவதை முன்னேற்றத்தின் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்பது எளிதில் தீர்க்கக்கூடியதன்று.

பழைய விருந்துகளில் ஒன்று மட்டும் அழியாது நிற்கின்றது. கெலாபிட் மக்களிடையே தலைப்பிள்ளை பிறந்ததும் பெற்றோர் தம் பெயரை மாற்றிக்கொள்வர். பேரப்பிள்ளை கண்டவரும் அவ்வாறே புதிய பெயர் சூடுவர். பிள்ளைக்குப் பெயரிடும் விழா உலகெங்கும் உண்டு. பிள்ளையால் பெற்றோர் பெயர் பெறும் விழா அபூர்வமானது. ஒருவன் மனிதனாவது பிறரைத் தாங்கத் தொடங்கும்போதுதான் என்பது அவர்கள் கருத்துப்போலும். இவ்விழாவுக்காகப் பட்டணத்துப் பிள்ளைகள் விடுமுறையில் விமானமேறி வருகின்றனர். எருமையும் பன்றியும் அறுக்கின்றனர். சபை நடுவே புதுப்பெயரை உரத்துச் சொல்ல, ஊரார் கேட்டு ஒப்புகின்றனர். போராக்குச் சாடி நின்ற இடத்தில் இப்போது தேநீரும் மைலோவும் வாளி வாளியாக வருகின்றன. விருந்து முடிந்து பாட்டியின் பழைய பெயரைத் தவறிச் சொல்லிவிட்ட சிறுவனை எல்லாரும் சிரித்துத் திருத்துவர்.